கம்பத்தைப் பார்த்துப் பறக்கும் நாரை

பிப்ரவரி 3

அனுப்புநர்: கொடிப் பரிசோதகர், தேசியக் கொடி அலுவலகம், தலைநகர்.
பெறுநர்: உரிமையாளர், பள்ளிச் சீருடைத் தையலகம்.

ஐயா,

பொருள்: பள்ளிகளுக்கான புதிய கொடிகளைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

தாங்கள் தைத்து அனுப்பிய கொடிகள் பரிசோதிக்கப்பட்டன. துணி, நீல நிறம், நீள அகலம், ஓரத் தையல் ஆகியவை விதிப்படி உள்ளன. ஆனால் எல்லாக் கொடிகளிலும் பின்பக்கத்து நாரை கம்பத்துக்கு எதிர்த்திசையை நோக்கித் தைக்கப்பட்டுள்ளது. கொடியின் இரு பக்கமும் நாரை கம்பத்தை நோக்கியே பறக்க வேண்டும் என்பது விதி. எனவே கொடிகள் அனைத்தும் திருப்பி அனுப்பப்படுகின்றன. கொடி நாளுக்கு முன் திருத்திய கொடிகள் வந்து சேராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொடிப் பரிசோதகர்


பிப்ரவரி 8

மாண்புமிகு கொடிப் பரிசோதகர் அவர்களுக்கு,

உரிமையாளர் எழுதிக்கொள்வது. உரிமையாளர் என்றால் வேறு யாருமில்லை, உன்னைப் பெற்ற அப்பன்தான். ‘ஐயா’ என்று ஆரம்பிக்கும் கடிதம் எனக்கு வாழ்நாளில் இதுதான் முதல். அதுவும் சொந்த மகளிடமிருந்து. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

டெண்டர் போட்டதை உன்னிடம் சொல்லாமல் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது கண்ணு. நீ அந்த ஆபீஸில் கொடிக் கட்டைப் பிரிப்பாய், ஓரத் தையலைப் பார்ப்பாய், பார்த்த உடனே “இது எங்க அப்பா கை” என்று கண்டுபிடிப்பாய், மேஜையில் உட்கார்ந்தபடியே ஒரு சிரிப்புச் சிரிப்பாய் என்று நினைத்தேன். கண்டுபிடித்தாய். சிரிப்புக்குப் பதில் சீல் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸ் படத்தில் நாரை இடது பக்கம் பார்க்கிறது. நானும் இடது பக்கம் பார்க்க வைத்தேன். முன்பக்கம் இடது, பின்பக்கமும் இடது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இதில் என்ன குற்றம்? இதுவரை ஏற்றிய கொடிகளில் பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்? பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்பக்கம் நிற்பார். பின்பக்கம் நிற்பது காவலாளியும் சைக்கிள்களும். என்னைக் கேட்டால் இந்தக் கொடி ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் போகிறது. நம்மைப் போல வேலைக்குப் போய்வருகிற நாரை என்று வைத்துக்கொள்ளலாம்.

தெருவில் கேட்கிறவர்களிடம் மடிப்பு சரியில்லை, இஸ்திரி போட வந்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு என்ன சொல்ல? என் மகள்தான் கொடி அதிகாரி என்று ஆர்டர் கிடைத்த அன்றே எல்லோரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை எடுக்காமல் விட முடியாது பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குப் புரியும்படி ஒரு காரணம் எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

போனை எடுக்காததற்கு மன்னியுங்கள். காரணம் கோபம் மட்டும் இல்லை.

என் மேல் புகார் மனு வந்திருக்கிறது. உங்களோடு டெண்டர் போட்டுத் தோற்றவர், கூடாரம் தைக்கிற கூடாரக்காரர், எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு மகளே ஆர்டர் வாங்கிக் கொடுத்தாள், சரக்கு எப்படி இருந்தாலும் அவளே பாஸ் செய்துவிடுவாள் என்று. ‘என் மகள்தான் கொடி அதிகாரி’ என்று தெருவில் சொன்னீர்களே, அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் இன்னும் நிரந்தரம் ஆகாதவள் அப்பா. விசாரணையில் ஒரு வார்த்தை எனக்கு எதிராக எழுதினாலும் வேலை போய்விடும். இனி வேறு எந்த அரசு அலுவலகத்திலும் சேர முடியாது.

டெண்டரைத் திறப்பது வேறு பிரிவு. நீங்கள் போட்டதே எனக்குத் தெரியாது. கட்டின் மேல் நம் கடைப் பெயரைப் பார்த்த அன்று அதைப் பிரிக்கவில்லை. நேராக மேலதிகாரியிடம் போய், இது என் அப்பா கடை, வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இப்போதைக்கு இருக்கிற ஒரே பரிசோதகர் நீதான், விதியை வைத்துப் பார், அப்பாவை வைத்துப் பார்க்காதே என்றார். அப்படித்தான் பார்த்தேன். ‘ஐயா’ என்று எழுதும்போது எனக்கும் நன்றாக இல்லை.

போனில் பேசினால் என்ன பேசினோம் என்று யாரும் எதையும் சொல்லலாம். எழுதினால் கேட்கும்போது எடுத்துக் கொடுத்துவிடலாம். உங்கள் கடிதத்தையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இதன் நகலையும் கொடுப்பேன். அதனால் யோசித்து எழுதுங்கள்.

காரணம் கேட்டீர்கள். சொல்கிறேன். இது எல்லாப் பள்ளிக்கும் போகிற சுற்றறிக்கையிலேயே இருக்கிறது, உங்களுக்கென்று தனியாகச் சொல்வதில்லை.

பழைய கொடியில் மூன்று பட்டைகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலைப் பகுதிக்கு ஒன்று, ஆற்றுப் பகுதிக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. தீவுக்காரர்கள் வந்து சேர்ந்ததும் நாலாவது பட்டை எங்கே என்று சண்டை. மலை எப்போதும் மேலேதான் என்றார்கள் மலைக்காரர்கள். கீழ்ப் பட்டையில்தான் மழைத் தண்ணீர் சொட்டும், நாங்கள் ஏன் கீழே இருக்க வேண்டும் என்றார்கள் கடற்கரைக்காரர்கள். சபையில் வருஷக்கணக்காக இதே பேச்சு. கடைசியில் பட்டையே வேண்டாம் என்று முடிவானது. ஒரே நீலம். அதில் ஒரு வெள்ளை நாரை. சிறகில் நாலு இறகு, ஒன்றோடு ஒன்று தழுவி இருக்கும், எது மேல் எது கீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. நாரை நாலு பகுதிக்கும் வந்துபோகிற பறவை. எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று பிடித்து வைக்கவில்லை.

இனி கம்பம். கொடி பறக்கும்போது காற்று கம்பத்திலிருந்து துணியின் நுனிக்கு வீசுகிறது. கம்பத்தைப் பார்க்கிற நாரை காற்றை எதிர்த்துப் பறக்கிறது. நுனியைப் பார்க்கிற நாரையைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. இவ்வளவுதான் அப்பா. ஒரு நாட்டை எதிர்க்காற்றில் பறப்பதாகக் காட்ட வேண்டும் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இது. பின்பக்கம் நிற்கிற காவலாளிக்கும் அதே நாரைதான் தெரிய வேண்டும்.

கொடியை எப்படித் திருத்துவது என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். சொன்னால் அதுவே மனுவில் இன்னொரு வரியாகிவிடும். ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு கொடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு இந்த மனு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 18

கண்ணு,

முதலில், இதைப் படிக்கப்போகிற விசாரணை அதிகாரி அவர்களுக்கு என் வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பிழை என் படிப்பினுடையது, மகளுடையது இல்லை.

பக்குவமாகச் சொல் என்றாய். நான் வாயைத் திறக்கும் முன்பே உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு அவளுக்கு?” என்று கேட்டுவிட்டாள். சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டெண்டர் போடும்போதே “பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்று சொன்னவள் அவள். கேட்காதவன் நான்.

நீ சொன்னபடி கொடியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். பொத்தான் அக்காவும் கூட வந்தது. (அதிகாரி அவர்களுக்கு: எங்கள் கடையில் பொத்தான் தைக்கிற பெண்மணி. வாயும் பொத்தான் போட்டது மாதிரிதான், அளந்துதான் பேசும்.) ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினோம். கண்ணு, அதை நாரை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை, நடுவில் சிறகுகள் கட்டிப்பிடித்துச் சண்டை போடுகின்றன. வாலைக் காணவே காணோம். இரண்டு ஜோடிக் கால்கள். பொத்தான் அக்கா ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, “ரெண்டுல எது அண்ணே நம்ம நாடு?” என்று கேட்டது.

அப்புறம்தான் எனக்குச் சுரீர் என்றது. சட்டைக்கு வலது கையும் இடது கையும் வெட்டும்போது அளவு அட்டையை ஒரு தடவை நேராக வைப்பேன், ஒரு தடவை புரட்டி வைப்பேன். கடைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். புரட்டாமல் வெட்டினால் இரண்டு கையும் வலது கையாகிவிடும், போடுகிறவன் தோளைத் திருகிக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் புரட்டியிருப்பேன். நாரைக்குப் புரட்டவில்லை. படத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், சர்க்கார் காரியம் என்ற பயத்தில் அட்டையை ஒரே பக்கமாக வைத்து வெட்டித் தள்ளினேன். பயந்து பயந்து சரியாகச் செய்த தப்பு.

நீ இதைப் பாஸ் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதன் பிறகு உன் ‘ஐயா’ எனக்கு வலிக்கவில்லை.

வெறுமனே இரண்டாவது நாரையைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாமென்றால், நீலத் துணியில் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. எப்படித் திருத்துவது என்று உன்னைக் கேட்க மாட்டேன். அதிகாரி அவர்கள் கவனிக்கவும், நான் கேட்கவில்லை. ஆனால் விசாரணைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல். ஆர்டரே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டுமா? உன் வேலைக்கு முன்னால் இந்த ஆர்டர் எனக்குப் பெரிசில்லை.

அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள அப்பா,

ஆர்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பயந்து பின்வாங்கினார் என்றுதான் நினைப்பார்கள்.

உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வரும், வரும் வெள்ளிக்கிழமைக்கு. கூடாரக்காரரும் அதே அறையில் இருப்பார். நான் வெளியேதான் நிற்க வேண்டும். விசாரணை முடியும்வரை நாம் இரண்டு பேரும் பேசக் கூடாது. நீங்கள் என்னைத் தாண்டிப் போனாலும் நான் பார்க்காத மாதிரிதான் இருப்பேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பி அனுப்பிய கொடிகளில் ஒன்றைக் கொண்டு வரச் சொல்வார்கள். கொண்டு வாருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இஸ்திரிக் கதையை அங்கே எடுக்காதீர்கள். இது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். அந்த அறையில் கொடியை விரித்துவிட்டால் அன்று சாயங்காலமே நம் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தயவுசெய்து தமாஷ் பண்ணாதீர்கள். விசாரணை அதிகாரி சிரிக்கிற ஆள் இல்லை. போன வாரம் என்னை விசாரித்தபோது ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 2

கண்ணு,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன் ஆபீஸ் காவலாளி என்னை விரட்டிவிட்டார். அதனால் உள்ளே நடந்ததை எழுதிவிடுகிறேன். நீ நடைபாதையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நின்றாய். நான் தாண்டிப் போனேன். பலகையில் ஒரு காகிதம் கூட இல்லை என்பதை நான் பார்க்காத மாதிரி போனேன்.

அறை சின்னது. ஒரு மேஜை, அதிகாரி அம்மா, எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா, ஜன்னலோரம் கூடாரக்காரர். நல்ல இஸ்திரிச் சட்டை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி அம்மா தலை நிமிராமல் கேட்டார்கள், டெண்டர் போட்டது மகளுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார்கள். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அதனால் சொல்லவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், தமாஷ் இல்லை. குமாஸ்தா பேனாவைக் கடித்துக்கொண்டார்.

கூடாரக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “அப்பா சரக்கைப் பொண்ணு பாஸ் பண்ணாம வேற யாரு பண்ணுவா? இதுக்கு எதுக்கு விசாரணை?” என்றார்.

அதிகாரி அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தார்கள். “அவங்க பாஸ் பண்ணலயே” என்றார்கள்.

அந்த மனுஷனுக்கு அது தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? இஸ்திரிக்கு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான் அல்லவா? என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் வாய்ப்பொய் அவர் மனுவுக்கு எவ்வளவு பலம் கொடுத்திருக்கிறது என்று. பையைத் திறந்தேன். கொடியை எடுத்தேன். “மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. தப்பு என்னோடது. நான் தெருவுல சொன்னது பொய்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெயில் அன்றைக்கு நன்றாக அடித்தது.

முதலில் குமாஸ்தாதான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கூடாரக்காரருக்கும் அடக்க முடியவில்லை. நான் கொடியைத் தூக்கியபடி நின்றேன். கை வலித்தது. காது சுட்டது. இத்தனை வருஷத் தொழிலில் என் தையலைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. இருந்தாலும் இறக்கவில்லை, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி அம்மா கேட்டார்கள், “உங்களுக்கு உங்க பொண்ணு மேல கோபம் இல்லையா?”

“இருந்துச்சும்மா. இப்படித் தூக்கிப் பிடிச்சுப் பாத்ததும் போயிருச்சு. அவ விட்டிருந்தா பிள்ளைங்க எல்லாம் இதுக்குத்தான் வணக்கம் வச்சிருக்கும்.”

அதிகாரி அம்மா எழுந்து வந்து, என் கையிலிருந்து கொடியை வாங்கி, தானே ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு கூடாரக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் பார்த்தார். “மனுல எழுதினதுல எது இன்னும் நிக்கும்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார்கள். அவர் கொடியை மடித்தார். மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒழுங்காக மடித்தார். தொழில் தெரிந்த கை.

முடிவு என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. போகலாம் என்றார்கள். நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். பக்கத்துச் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகப் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பையில் பெயர் எழுதுகிற கண்ணாடி ஜன்னல். நம் கடையில் அதை எப்படித் தைப்போம் என்று உனக்குத் தெரியும். துணி மேல் கண்ணாடித் தாளை வைத்துச் சுற்றித் தைத்துவிட்டு, அப்புறம் பின்னால் இருக்கிற துணியை வெட்டி எடுப்போம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதற்கு இரண்டு நாரை? ஒரே நாரையைத் தைத்து, பின்னால் இருக்கிற நீலத்தை வெட்டி எடுத்துவிட்டால் அதே நாரை இரண்டு பக்கமும் தெரியும். முன்னாலும் கம்பத்தைப் பார்க்கும், பின்னாலும் கம்பத்தைப் பார்க்கும். புரட்ட மறக்கவும் முடியாது.

அதிகாரி அவர்கள் கவனிக்கவும், இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்பா


மார்ச் 9

அப்பா,

மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நீங்கள் உள்ளே இருந்தபோது கதவு வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அப்பா தமாஷ் பண்ண ஆரம்பித்துவிட்டார், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். வெறும் பலகையில் சாய்ந்துகொண்டு நின்றேன். நீங்கள் வெளியே வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிந்தது.

இன்று காலை மேலதிகாரி கூப்பிட்டார். விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது என்று படித்துக் காட்டினார்: ‘சொந்தத் தந்தையின் சரக்கு முழுவதையும் குறை கண்டு திருப்பி அனுப்பியவர்.’ அதை வைத்தே நிரந்தரம் செய்யப் பரிந்துரைத்துவிட்டாராம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

யோசித்துப் பாருங்கள் அப்பா. நீங்கள் சரியாகத் தைத்திருந்தால் நான் பாஸ் செய்திருப்பேன். பாஸ் செய்திருந்தால் என் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கொடிகளை இனி நான் பார்க்க மாட்டேன். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு பரிசோதகரை வரவழைத்திருக்கிறார்கள். நாள் குறைவு என்று, கடலோரப் பள்ளிகளுக்கான கொடிகளைக் கூடாரக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பது நான்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

இன்று இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டேன். கொடி நாள் முடிந்ததும் லீவு போட்டு வருகிறேன். அம்மாவிடம் இதை மட்டும் உடனே சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 15

கண்ணு,

உன் கடிதத்தைப் பொத்தான் அக்காதான் தபால்காரரிடம் வாங்கிக் கொண்டுவந்தது. பிரித்து முதல் வரியைப் படித்துவிட்டு வெட்டுப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பலகையில் யாரையும் உட்கார விடாதவன் நான். உன் அம்மா ஓடிவந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் என்னைப் பார்த்து, “தப்பாத் தைச்சுப் பொண்ணு வேலையைக் காப்பாத்தின ஒரே தையல்காரர் நீங்கதான்” என்றாள். பல நாள் கழித்து முழு வாக்கியமாகப் பேசினாள்.

தெருவிலும் சொல்லிவிட்டேன், எல்லாம், இரண்டு தலை உட்பட. எதிர்க்கடைக்காரர் மட்டும் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

நீ சொன்ன பக்கத்து மாவட்டப் பரிசோதகர் வந்து புதுக் கொடிகளைப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன், ஆனால் உன் அளவுக்கு இல்லை, சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் பாஸ்.

நேற்று யார் வந்தார் தெரியுமா? கூடாரக்காரர். வாசலில் தயங்கி நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நாரையை எப்படி ஒரே துணியில் இரண்டு பக்கமும் தெரிய வைக்கிறீர்கள் என்று கேட்க வந்திருக்கிறார். தைத்துக் காட்டினேன். பின்பக்கத்தை வெட்டும்போது கத்தரியை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அவரும் ஒரு தடவை செய்து பார்த்தார். கூடாரத் துணி தைத்த கை, கொஞ்சம் முரடுதான், ஆனால் பழகிவிடும். மனுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எழுந்து போகிறவர் வாசலில் திரும்பி நின்று, “உங்க பொண்ணு என் சரக்கையும் அப்படித்தான் பாக்குமா?” என்றார்.

“பெத்த அப்பனுக்கே அப்படின்னா நீங்களே கணக்குப் போட்டுக்குங்க” என்றேன்.

ஆள் முகம் மாறிவிட்டது. வேகவேகமாகப் போனார், வெட்டினதையெல்லாம் இன்னொரு தடவை பார்க்கத்தான் போயிருப்பார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது கண்ணு. அப்புறம் எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. பாஸ் ஆகி, கயிறு போட்டு, வண்டியில் ஏற்ற வைத்திருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கொடியாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் கட்டினேன்.

உன் அப்பா